அந்த மஞ்சள் குறிக்குப் பின்னால் இருப்பது யார்?

வெள்ளவத்தையில் பல வீடுகளில் கொழும்புக் கடை எதிலும் வாங்காத ஒரு மடிக்கணினியாவது இருக்கும். கனடாவிலிருந்து வந்த சித்தப்பா விட்டுவிட்டுப் போனது, லண்டனில் படித்து முடித்த மச்சாள் பாவித்தது, பாரிஸிலிருந்து யாரோ ஒருவருடைய சூட்கேசில் உடுப்புகளுக்கு நடுவே வந்தது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது புதிய மடிக்கணினி பலருக்கு எட்டாத பொருளாயிற்று. அலுமாரிக்குள் கிடந்த இவற்றுக்கு மறுபடி மதிப்பு வந்தது.

பழைய கணினி மெதுவாகத்தான் ஓடும். வீட்டில் கணினி தெரிந்த பிள்ளை ஒன்று, கைக்குக் கிடைத்த பென் டிரைவிலிருந்து புதிதாக விண்டோஸ் போட்டுவிடும். அதன் பிறகுதான் அந்தப் புதிர் தொடங்குகிறது. மவுஸ் நகர்கிறது. விசைப்பலகை வேலை செய்கிறது. எழுத்துகள் கொஞ்சம் பருத்துத் தெரிந்தாலும் திரையில் குறை சொல்ல முடியாது. வைஃபை மட்டும் இல்லை. இணைப்பு வராமல் இருப்பது வேறு. இங்கே வைஃபை என்ற அடையாளமே மறைந்துவிட்டது. அதற்குரிய டிரைவரைப் போட வேண்டும் என்கிறார்கள். டிரைவர் இன்டர்நெட்டில் இருக்கிறது. இன்டர்நெட்டுக்கு வைஃபை வேண்டும்.

இதில் இரண்டு கேள்விகள் உண்டு. ஒரே பெட்டிக்குள் இருக்கும் பாகங்களில் சில உடனே வேலை செய்ய, சில மட்டும் ஏன் அடம்பிடிக்கின்றன? அடம்பிடிக்கும் பாகம் எது, யார் செய்தது என்பதைப் பெட்டியைத் திறக்காமலே அறிய முடியுமா?

மொடல் பெயர் ஏன் போதாது

காலி வீதியில் எந்தக் கணினிக் கடையிலும் இந்த உரையாடலைக் கேட்கலாம்.

“தம்பி, இதில வைஃபை வருதில்லை.”

“மொடல் என்ன அன்ரி?”

“எச்பி.”

“எச்பியில என்ன?”

“சில்வர் கலர்.”

சிரிக்கலாம். ஆனால் மூடியில் எழுதியிருப்பதைச் சரியாகச் சொல்லியிருந்தாலும் தம்பிக்குப் பெரிதாக உதவியிருக்காது. ‘எச்பி 15’ என்ற பெயரில் பல ஆண்டுகளாகப் பலவகைக் கணினிகள் வந்திருக்கின்றன. அவற்றில் ஒரே தொடரை எடுத்தால்கூட, ஒன்றில் ரியல்டெக் நிறுவனத்தின் வைஃபை சிப் இருக்கும், இன்னொன்றில் இன்டெல்லின் சிப் இருக்கும். மடிக்கணினிக்குப் பெயர் வைப்பவர்கள் அதன் சிப்புகள் எல்லாவற்றையும் செய்பவர்கள் அல்லர். அந்த மாதம் எந்தச் சிப் மலிவாக, போதிய அளவில் கிடைத்ததோ அதைப் பொருத்துவார்கள்.

டிரைவருக்குத் தேவைப்படுவது சிப்பின் அடையாளம். டிரைவரை நாம் இயக்கி என்போம். ஒரு குறிப்பிட்ட சிப்புடன் எப்படிப் பேசுவது, அதன் எந்தப் பதிவகத்தில், அதாவது உள்ளிருக்கும் சிறு நினைவிடத்தில், எதை எழுதினால் என்ன நடக்கும் என்பதை விண்டோஸ் போன்ற பணிசெயல் முறைமைக்குச் சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் அது. இரண்டு எச்பிக் கணினிகளின் இயக்கிகள் வேறுபடலாம். ஓர் எச்பியும் ஒரு டெல்லும் ஒரே வைஃபை இயக்கியைப் பாவிக்கவும் கூடும்.

கதவைத் தட்டும் கணினி

1990களின் நடுப்பகுதிவரை இந்தப் புதிருக்கு இடமே இருக்கவில்லை. அதைவிட மோசமான ஒன்று இருந்தது. கணினிக்குள் எந்த அட்டை எங்கே இருக்கிறது என்பதைக் கணினியே அறியாது, மனிதர்தான் சொல்ல வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டை வாங்கியவர்கள் 220, 5, 1 என்ற மூன்று எண்களை மந்திரம்போல் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். முகவரி 220, குறுக்கீட்டு எண் 5, நேரடி நினைவக வழி 1. அட்டையிலிருந்த சின்னஞ்சிறு ஜம்பர்களைக் கையால் மாற்றி மாற்றிப் பொருத்தி இவற்றை அமைக்க வேண்டும். இரண்டு அட்டைகள் ஒரே எண்ணைக் கேட்டால் இரண்டும் படுத்துவிடும்.

1992இல் இன்டெல் முன்னின்று கொண்டுவந்த பிசிஐ என்ற இணைப்பு முறை இதை மாற்றியது. அதன் வழி வந்த பிசிஐ எக்ஸ்பிரஸ்தான் இன்றைய மடிக்கணினிக்குள் இருப்பது. ஒவ்வொரு சிப்பும் தன்னைப் பற்றிய குறிப்பொன்றைத் தன்னிடமே வைத்திருக்க வேண்டும், கேட்டால் சொல்ல வேண்டும் என்பது இதன் முக்கிய விதி. கணினி விழிக்கும்போது செய்வது குடிசன மதிப்பீட்டு உத்தியோகத்தர் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் செய்வதைப் போன்றது. 256 தெருக்கள், தெருவுக்கு 32 வீடுகள், வீட்டுக்கு 8 அறைகள் என முகவரிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு கதவாகத் தட்டி, “யார் இருக்கிறீர்கள்?” என்று கேட்கிறது.

ஆள் இல்லாத வீட்டிலிருந்தும் ஒரு பதில் வரும் என்பது இதில் வேடிக்கை. யாரும் பேசாவிட்டால் மின்கம்பிகள் எல்லாம் 1 என்றே வாசிக்கப்படும். பதினாறு ஒன்றுகள் சேர்ந்தால் எஃப்எஃப்எஃப்எஃப். ஆகவே அந்த எண்ணை எந்த நிறுவனத்துக்கும் கொடுப்பதில்லை. அது வெற்று வீட்டின் எண்.

ஆள் உள்ள வீடு முதலில் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று செய்தவரின் எண், மற்றது சிப்பின் எண். செய்தவரின் எண்ணை பிசிஐ-சிக் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு வழங்குகிறது. மொத்தம் 65,536 எண்களுக்கு இடமுண்டு. இன்டெல் தனக்கு எடுத்துக்கொண்ட எண் 8086. அந்த நிறுவனத்தை நிலைநிறுத்திய, 1978இல் வெளியான செயலியின் பெயர் அது. எண் பதிவேட்டிலும் கொஞ்சம் குடும்பப் பெருமை இருக்கத்தான் செய்கிறது.

ஒரு வரியை வாசிப்போம்

நம்முடைய வெள்ளிநிற எச்பிக்கு வருவோம். விண்டோஸில் டிவைஸ் மனேஜரைத் திறந்தால், ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பின் கீழ் மஞ்சள் குறியோடு ஒரு வரி நிற்கும்: ‘நெட்வர்க் கன்ட்ரோலர்’. அதை வலப்பக்கச் சொடுக்கி, புரொப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ் என்று போய், கீழ்விரி பட்டியலில் ‘ஹார்ட்வெயார் ஐடீஸ்’ என்பதைத் தெரிவுசெய்தால் இப்படி ஒன்று தோன்றும். திரையில் ஆங்கில எழுத்தில் வருவதை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன்.

பிசிஐ\வென்_10ஈசி&டெவ்_டி723&சப்சிஸ்_8319103சி&ரெவ்_00

பார்த்ததும் மூடிவிடத் தோன்றும். நான்காக வெட்டினால் பயம் போய்விடும். எண்கள் பதினறும முறையில் இருக்கின்றன. ஓ.எல். தகவல் தொழினுட்பப் பாடம் படித்த பிள்ளைக்குத் தெரிந்ததுதான்: 0 முதல் 9 வரை எண்கள், பிறகு ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்துகள். நாம் கணக்குப் போடப் போவதில்லை, பெயரைப்போல் வாசித்தால் போதும்.

வென் என்பது செய்தவர். 10ஈசி என்பது ரியல்டெக், 1987இல் தாய்வானின் சிஞ்சுவில் தொடங்கப்பட்ட நிறுவனம். அதன் சிப்புகளின் முதுகில் ஒரு நண்டுப் படம் இருக்கும். 14ஈ4 என்றிருந்தால் பிரோட்கொம், 168சி என்றால் ஏதெரொஸ், 14சி3 என்றால் மீடியாடெக். மடிக்கணினி வைஃபையைப் பொறுத்தவரை இன்டெல்லையும் சேர்த்து இந்த ஐந்தாறு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

டெவ் என்பது சிப். டி723 என்றால் ஆர்டிஎல்8723டிஈ என்ற சிப். வைஃபையும் புளூடூத்தும் ஒன்றாகச் சேர்ந்த மலிவான சிப், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசும். இதை அறிந்தவுடன் இன்னொரு தலைவலியும் தீர்கிறது. வீட்டு ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் இந்தக் கணினியில் ஒருநாளும் தெரியப் போவதில்லை. எத்தனை இயக்கிகளை மாற்றிப் போட்டாலும் இல்லாத காது கேட்காது.

சப்சிஸ் என்ற எட்டு எழுத்துத் துண்டைப் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பிடித்த துண்டு அதுதான். அதைப் பின்பக்கமிருந்து வாசிக்க வேண்டும். கடைசி நான்கு, 103சி, எச்பியின் எண். சிப்பை ரியல்டெக் செய்தது, ஆனால் அது பொருத்தப்பட்ட அட்டை எச்பிக்காகச் செய்யப்பட்டது என்று இது சொல்கிறது. டெல் என்றால் 1028, லெனோவோ என்றால் 17ஏஏ, ஏசர் 1025, ஆசுஸ் 1043. முன்னால் உள்ள 8319 அந்த அட்டைக்கு எச்பி கொடுத்த எண்.

கைமாறி வந்த கணினியில் இந்தத் துண்டு துப்பறிவாளர் வேலை பார்க்கும். மூடியில் எச்பி என்று இருக்க, இங்கே 17ஏஏ என்று முடிந்தால், யாரோ ஒரு லெனோவோவின் அட்டையைக் கழற்றி இதில் போட்டிருக்கிறார் என்று அர்த்தம். அப்போது எச்பியின் தளத்தில் அந்தக் கணினிக்கான இயக்கியைத் தேடிப் பயனில்லை. சிப்பின் எண்ணை வைத்துத் தேட வேண்டும். (எச்பியும் லெனோவோவும் தங்கள் பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைப் போட்டால் கணினியே தொடங்காதபடி ஒரு காலத்தில் தடுத்து வைத்திருந்தன. பாதுகாப்பு, வானொலி அனுமதி என்று காரணம் சொன்னார்கள். வாங்கியவனுக்கு அது தன் வீட்டுக் கதவில் பழைய உரிமையாளர் பூட்டுப் போட்டதாகத்தான் பட்டது.)

ரெவ் என்பது எத்தனையாவது திருத்தம் என்பது. இங்கே அதை விட்டுவிடலாம்.

அதே பெட்டியில் இன்னும் சில வரிகள் இருக்கும். முதல் வரியின் வால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகும்: முதலில் ரெவ் இல்லாமல், பிறகு சப்சிஸும் இல்லாமல். விண்டோஸ் இயக்கி தேடும் முறை இதில் வெளிப்படுகிறது. ஒவ்வோர் இயக்கிப் பொதியிலும் ‘இன்ஃப்’ என்று முடியும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு இருக்கும். ‘நான் இந்த இந்த எண்களுக்கு உரியவன்’ என்ற பட்டியல் அதில் உண்டு. நீளமான வரியோடு பொருந்தும் இயக்கி முதலில் தெரிவாகும். அது இல்லாவிட்டால் குறுகிய வரி. எதுவுமே பொருந்தாவிட்டால் மஞ்சள் குறி.

நம் கணினிக்கு ஏன் எதுவுமே பொருந்தவில்லை? பென் டிரைவிலிருந்த விண்டோஸ் 10, 2015இல் வந்த முதற்பதிப்பு. இந்தச் சிப் அதன் பிறகு சந்தைக்கு வந்தது. பிறக்காத பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்காது.

மவுஸுக்கு மட்டும் என்ன மரியாதை?

அப்படியானால் ‘நெட்வர்க் கன்ட்ரோலர்’ என்ற பெயரை மட்டும் விண்டோஸ் எங்கிருந்து எடுத்தது? சிப்பின் குறிப்பில் இன்னோர் எண் இருக்கிறது, வகுப்பு எண். யார் என்று தெரியாவிட்டாலும் என்ன தொழில் என்று அது சொல்லிவிடும். 02 என்றால் வலையமைப்பு, 03 என்றால் காட்சி, 04 என்றால் ஒலி, ஒளி. இதன் உட்பிரிவுகளும் உண்டு. 0200 என்பது கம்பிவழி ஈதர்நெட். நம் வைஃபை சிப் சொல்வது 0280. அதன் பொருள், ‘வலையமைப்பு, ஏனையவை’.

முதல் கேள்விக்கான விடை இந்த ‘ஏனையவை’யில்தான் இருக்கிறது. சில தொழில்களுக்கு எல்லா நிறுவனங்களும் ஒப்புக்கொண்ட பொதுமொழி இருக்கிறது. மடிக்கணினியின் விசைப்பலகை பெரும்பாலும் 1987இல் வந்த ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினியின் பெயரால் அறியப்படும் மொழியையே இன்றும் பேசுகிறது. யூஎஸ்பி மவுஸ்களுக்கு 1990களிலேயே பொதுவகுப்பு ஒன்று வகுக்கப்பட்டது. என்விஎம்இ சேமிப்பகங்களுக்கு 2011இல் அப்படி ஒன்று வந்தது. திரைக்கு முழுமொழி இல்லாவிட்டாலும், ‘இந்தப் புள்ளியை இந்த நிறமாக்கு’ என்று சொல்லுமளவுக்குக் குறைந்தபட்சப் பேச்சு உண்டு. நம் திரையில் எழுத்துகள் பருத்திருந்தது அந்தக் குறைந்தபட்சப் பேச்சினால்தான். பொதுமொழி தெரிந்த ஓர் இயக்கி விண்டோஸில் இருந்தால் போதும், உலகத்து மவுஸ்கள் எல்லாவற்றுக்கும் அது ஆகும்.

வைஃபைக்கு அப்படியொரு மொழி இன்றுவரை இல்லை. காற்றில் இரண்டு கருவிகள் பேசிக்கொள்ளும் முறைக்குத் தரம் இருக்கிறது. அதனால்தான் எந்தத் தொலைபேசியும் எந்த ரவுட்டரோடும் பேசுகிறது. ஆனால் கணினிக்குள்ளே, செயலிக்கும் வைஃபை சிப்புக்கும் இடையிலான பேச்சை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்துக்கொண்டது. எந்த வேலையைச் சிப் செய்வது, எதைச் செயலியிடம் தள்ளிவிடுவது என்பதில் ஒருவருக்கொருவர் வேறுபட்டார்கள். போட்டியாளருக்கு அதைச் சொல்லவும் விரும்பவில்லை. போதாக்குறைக்கு, நாட்டுக்கு நாடு வானொலிச் சட்டம் மாறும். அமெரிக்காவில் வைஃபை வழக்கமாக 1 முதல் 11 வரையான தடங்களில் ஓடுகிறது, ஐரோப்பாவில் 13 வரை. அமெரிக்காவுக்கென்று செய்த மடிக்கணினிக்கு 13ஆம் தடத்தில் இருக்கும் ரவுட்டர் கண்ணில் படாமல் போவது இதனால்தான். ரவுட்டரின் தடத்தை 6க்கோ 11க்கோ மாற்றிவிட்டால் தெரியும். மறுபடியும், இயக்கியின் குற்றம் அல்ல.

வைஃபை இல்லாமல் வைஃபைக்கு வழி

பொதுமொழி பேசும் சாதனம் ஒன்றின் முதுகில் ஏறி வெளியே போவதுதான் வழி. அது நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. அண்ட்ரொய்ட் தொலைபேசியை யூஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்து, அமைப்புகளில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்கினால், தொலைபேசி தன்னை ஒரு வலையமைப்பு அட்டையாகக் கணினிக்கு அறிமுகப்படுத்தும். ஆர்என்டிஐஎஸ் என்ற அந்த முறைக்கான இயக்கி விண்டோஸிலேயே உண்டு. டேட்டா முடிந்துவிடும் என்ற கவலையும் அநேகமாக வேண்டாம். தொலைபேசி வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால் அதையே கேபிள் வழியாகக் கணினிக்குக் கொடுக்கும்.

பல நேரங்களில் அடுத்த சில நிமிடங்களில் விண்டோஸ் அப்டேட் தானாகவே இயக்கியைக் கண்டுபிடித்துப் போட்டுவிடும். செய்யாவிட்டால் மைக்ரோசொஃப்ட் அப்டேட் கட்டலொக் என்ற தளம் இருக்கிறது. அதன் தேடுபெட்டியில் வென், டெவ் ஆகிய இரண்டு துண்டுகளை மட்டும் இட்டுத் தேடலாம். சப்சிஸையும் சேர்த்துத் தேடினால் வலை மிகச் சிறிதாகிவிடும். கிடைக்கும் ‘கேப்’ கோப்பை விரித்து, டிவைஸ் மனேஜரில் அந்த மஞ்சள் வரிக்குத் திரும்பி, கணினியிலேயே தேடச் சொல்லி அந்த உறையைக் காட்ட வேண்டும். இன்ஃப் கோப்பில் 10ஈசி, டி723 இருந்தால் மஞ்சள் மறையும், வைஃபை வரும்.

விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் பக்கம் கதை வேறு. அங்கே இயக்கிகள் பெரும்பாலும் முறைமையின் மையமான கருவகத்துக்குள்ளேயே வந்துவிடும். இதே சிப்புக்கான இயக்கி 2020இல் அதில் சேர்ந்தது. இயக்கி தேடும் தலைவலி இல்லாமல், சும்மா சிப்புகளின் பெயரை அறிவதற்காகவே உபுண்டு என்ற லினக்ஸ் வகை உள்ள பென் டிரைவ் ஒன்றைக் கையில் வைத்திருக்கும் திருத்துநர்கள் உண்டு. எதையும் நிறுவாமல் கணினியை அதிலிருந்து எழுப்பி ‘எல்எஸ்பிசிஐ’ என்று ஒரு கட்டளை கொடுத்தால், எண்களைப் பெயர்களாக மாற்றி முழுப் பட்டியலும் வந்து விழும்.

யாரை உள்ளே விடுகிறோம்

எண்ணை வைத்து இன்டர்நெட்டில் தேடினால், உரிய நிறுவனத்தின் தளத்துக்கு முன்பே ‘உங்கள் டிரைவர்கள் எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில்’ என்று அழைக்கும் தளங்கள் வரிசையாக வந்து நிற்கும். இவற்றை நான் திறக்கவே வேண்டாம் என்பேன். காரணம், இயக்கி மற்ற மென்பொருள்களைப் போன்றதல்ல. அது பணிசெயல் முறைமையின் கருவகத்தில், எந்தத் தடையுமில்லாத இடத்தில் ஓடுகிறது. அங்கே ஒரு பிழை வந்தால் முழுக் கணினியும் விழும். 1998 ஏப்ரலில் விண்டோஸ் 98ஐ மேடையில் காட்டியபோது, பில் கேட்ஸ் பார்த்திருக்க ஸ்கானர் ஒன்றைச் செருகியதும் திரை நீலமானது இன்றும் பேசப்படும் கதை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு இயக்கி தவறான தரவுக் கோப்பொன்றை வாசித்து இடறியதில், மைக்ரோசொஃப்டின் மதிப்பீட்டின்படி 85 இலட்சம் கணினிகள் விழுந்தன, விமான நிலையங்கள் தடுமாறின.

பிழையே இப்படி என்றால் கெட்ட எண்ணத்தோடு எழுதியது எப்படி இருக்கும்? இதற்காகத்தான் விஸ்டா என்ற பதிப்பின் காலத்திலிருந்து 64 பிட் விண்டோஸ், இலத்திரனியல் கையொப்பம் இல்லாத இயக்கியை ஏற்பதில்லை. அந்தக் காவலையும் ஒருமுறை ஏய்த்திருக்கிறார்கள். ஈரானின் யுரேனியச் சுழற்சி இயந்திரங்களைக் குறிவைத்து, 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல் இயக்கி வேடத்தில் நுழைந்தது. அது காட்டிய கையொப்பம் திருடப்பட்டது. யாருடையது தெரியுமா? நம் 10ஈசி, ரியல்டெக்கினுடையது.

மிச்சமிருக்கும் குறிகள்

வைஃபை வந்துவிட்டது. ஆனால் புளூடூத் வரவில்லை. ஒரே சிப்தானே? ஆம், ஆனால் அது இரண்டு வாசல்களில் நிற்கிறது. வைஃபைப் பாதி பிசிஐ வழியாகப் பேச, புளூடூத் பாதி அதே அட்டைக்குள் யூஎஸ்பி வழியாகப் பேசுகிறது. யூஎஸ்பிக்குத் தனிப் பதிவேடு, அதில் ரியல்டெக்கின் எண் 0பிடிஏ. ஆகவே இரண்டாவது இயக்கி ஒன்று வேண்டும்.

‘பிசிஐ சிம்பிள் கொம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்’ என்ற வரியைப் பார்த்துப் பழைய மோடமோ என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் எண் 8086 என்று தொடங்கினால், அது பெரும்பாலும் இன்டெல்லின் மேலாண்மைப் பொறி, பலகைக்குள் தனியே ஓடும் ஒரு குட்டிக் கணினி. ‘பேஸ் சிஸ்டம் டிவைஸ்’ என்பது அநேகமாக மெமரி கார்ட் போடும் துளை.

விசைப்பலகைக்கு மஞ்சள் குறியே வராது, ஆனாலும் பாரிஸிலிருந்து வந்த கணினியில் ‘ஏ’யை அழுத்தினால் ‘கியூ’ வரும். விசை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதன்மேல் எந்த நாட்டு எழுத்து அச்சாகியிருக்கிறது என்பது அதற்கே தெரியாது. மொழி அமைப்பில் பிரெஞ்சு விசைப்பலகையைத் தெரிவுசெய்தால் சரியாகிவிடும், இயக்கி எதுவும் தேடத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று நிற்கும்: ‘அன்நோன் டிவைஸ்’. வகுப்பு எண்கூட இல்லாத சாதனம், ஆகவே விண்டோஸால் தொழிலைக்கூட ஊகிக்க முடியவில்லை. அதன் ஐடியைப் பார்த்தால் பிசிஐ என்று தொடங்காமல் ஏசிபிஐ என்று தொடங்கும். தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளான ஃபேர்ம்வெயார் எழுதி வைத்த பட்டியலிலிருந்து வந்தது என்று அர்த்தம். எச்பி மடிக்கணினிகள் பலவற்றில் அது எச்பிகியூ6007 என்றிருக்கும். அது ஓர் அசைவு உணரி. கணினி கைதவறி விழும்போது, அது தரையைத் தொடுமுன் வன்தட்டின் வாசிப்பு முனையைத் தட்டிலிருந்து விலக்கிப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தச் சொல்லும். பழைய கணினிக்கு வேகம் வர வேண்டும் என்று வன்தட்டைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டிருந்தால், அதற்குள் நகரும் முனையே கிடையாது. அந்த இயக்கியைத் தேடி ஒரு பின்னேரத்தை வீணாக்க வேண்டாம். மஞ்சள் குறி பாட்டுக்கு இருக்கட்டும்.